வெங்காய விலைக்குப் பயன் சொன்ன பிள்ளை

என் மகளின் மகள் ஒரு பந்தியை உரத்து வாசித்தால் தெருவால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள். வயது ஒன்பது, நாலாம் வகுப்பு. ழகரம் குழையாது, றகரம் நழுவாது, மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள். மூன்று வயதில் அவளை மடியில் இருத்திப் பதிகம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆகையால் அந்த வாசிப்பின் புகழில் பாதியை எனக்கென்று ஒதுக்கிக்கொள்வதில் நான் ஒருபோதும் கூச்சப்பட்டதில்லை.

புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டுக் கோயிலிலிருந்து நான் திரும்பியபோது, மகள் மேசையில் ஒரு வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஆஸ்பத்திரியில் தாதி. நோயாளியின் அட்டையைப் பார்ப்பது போலவே அந்தத் தாளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டு வரவிருக்கும் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் அது. அந்தப் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால்தான் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு இடம். வாசித்து விளங்கி விடை எழுதும் பகுதிக்குப் பேத்தி எடுத்திருந்தது இருபதுக்கு நாலு.

பந்தி நீர்வேலி வாழைத் தோட்டம் ஒன்றைப் பற்றியது. சென்ற ஆண்டு காற்றில் வாழைகள் முறிந்தன. இன்று பின்னேரம் வானம் கறுத்தது. தோட்டத்துக் கமக்காரர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, முற்றியும் முற்றாமலும் இருந்த குலைகளை வெட்டினார். அவ்வளவுதான் கதை. 'கமக்காரர் ஏன் குலைகளை நேரத்தோடு வெட்டினார்?' என்பது கேள்வி. 'கமக்காரர் குலைகளை நேரத்தோடு வெட்டினார்' என்று முத்து முத்தான எழுத்தில் என் பேத்தி விடை எழுதியிருந்தாள்.

"அப்பா, உவள் கிளிப்பிள்ளை மாதிரி வாசிக்கிறாள். உள்ளுக்கை ஒண்டும் போகேல்லை," என்றாள் மகள்.

"நான் கிளிதானே அம்மா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள சின்னத் தெருவான ஒழுங்கையில் பிள்ளைகள் மாலையில் கிளித்தட்டு விளையாடுவார்கள். நிலத்தில் கீறிய நெடுங்கோட்டால் ஓடி ஓடி மற்றப் பக்கத்தாரை மறிக்கிற ஆளுக்குக் கிளி என்று பெயர். பேத்தி கிளியாக நின்றால் அவளைத் தாண்டிப் போன பிள்ளை அபூர்வம்.

"நல்லது. கிளி வடிவாய்க் கேக்கட்டும். மார்கழித் தவணைப் பரீட்சையிலை இந்தப் பகுதிக்குப் பாதிப் புள்ளி எடுக்கோணும். எடுக்காட்டில் தை மாசத்திலை இருந்து பட்டணத்திலை ரியூசன் வகுப்பு. ஒவ்வொரு நாளும் பின்னேரம். ஒரு கதையும் இல்லை."

ஒவ்வொரு நாளும் பின்னேரம் என்றால் ஒழுங்கையும் இல்லை, கோடும் இல்லை, கிளியும் இல்லை. அவள் திரும்பி வருவதற்குள் எனக்குக் கோயில் மணி கேட்டுவிடும். விளக்கு வைக்கும் நேரத்தில் என்னருகே இருந்து பதிகம் சொல்லும் குரலும் இல்லாமற்போகும். இதை நான் வெளியே சொல்லவில்லை. "விடு பிள்ளை, நான் பாக்கிறன்," என்று மட்டும் சொன்னேன்.

நான் பார்த்த அழகை இனிச் சொல்லவேண்டும்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. பாட்டை முதலில் நெஞ்சில் எழுதிக்கொள். பொருள் தன் காலத்தில் வந்து சேரும். அப்படித்தான் என்னை வளர்த்தார்கள். பத்து வயதில் பாடமாக்கிய ஒரு பதிகத்தின் கடைசி அடி, என் மனைவி கண்மூடிய அன்று, அவள் தலைமாட்டில் இருந்து அதைச் சொல்லும்போதுதான் எனக்கு விளங்கியது. ஐம்பது வருடம் பிந்தினாலும் வந்து சேர்ந்தது. அந்த நம்பிக்கையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தை வாங்கிவந்து, வாழைப் பந்தியோடு சேர்த்து அதிலிருந்த பந்திகளையும் ஒவ்வொன்றாய்ப் பேத்திக்குப் பாடமாக்கினேன். பிள்ளைக்கு நல்ல ஞாபகசக்தி. மூன்று வாரத்தில் பன்னிரண்டு பந்திகளும் விடைகளும் நுனிநாக்கில் நின்றன. பொருள் வருவதற்கு மார்கழிவரைதான் தவணை என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதிரி வினாத்தாளில் பந்தி மாறியிருந்தது. மயிலிட்டி மீனவர் ஒருவர் கரையில் நின்று காற்றைப் பார்க்கிறார். பிறகு வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார். 'மீனவர் ஏன் அன்று கடலுக்குப் போகவில்லை?' என்று கேட்டிருந்தார்கள். பேத்தி எழுதிய விடை: 'சென்ற ஆண்டு காற்றில் வாழைகள் முறிந்தபடியால்.'

மகள் அதை வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் முகம் மாறியது. "அப்பா!" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் எனக்கு உடனேயே விளங்கிவிட்டது.

ஐப்பசி பிறந்தது. எங்கள் கோயிலில் அந்த மாதத்தில் புராணம் படிப்பார்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருக்கும் மற்றவர் அதன் பொருளைச் சபைக்கு விளங்கச் சொல்லுவார். அதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். முப்பது வருடமாக வாசிப்பவன் நான். பயன் சொல்லுகிறவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். என் பால்ய நண்பர். படிப்புக்கு முதல் நாள் என் வீட்டு விறாந்தையில் இருந்து இருவரும் ஒத்திகை பார்ப்போம். அன்று வந்தவரிடம் மயிலிட்டி வாழையின் கதையை நானே சொன்னேன்.

"மயிலிட்டியிலை வாழை முறிஞ்சால் நீர்வேலியிலை மீன் படும் காணும்," என்றார். வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். பிறகு, "பிழை பிள்ளையிலை இல்லை. நீர் வாசிக்கிற ஆள். உமக்குத் தெரிஞ்சதை நீர் பழக்கியிருக்கிறீர். நான் பக்கத்திலை இல்லாட்டில் கோயிலிலை சனம் உம்மடை குரலைக் கேட்டுப்போட்டு, கதை தெரியாமல் வீட்டை போயிருக்கும். ஒரு வீட்டுக்குள்ளை இரண்டு வாசிக்கிற ஆக்கள். பயன் சொல்ல ஆளில்லை," என்றார்.

முப்பது வருடப் பழக்கத்தில் அவர் சொன்ன பயன்களுள் மிகத் தெளிவானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பேத்தியைக் கூப்பிட்டார். "இங்கை வா பிள்ளை. இண்டையிலை இருந்து அம்மப்பா வாசிப்பார், நீ பயன் சொல்லு. ஒரு கட்டளை: அவர் வாசிச்ச சொல்லைத் திருப்பிச் சொல்லக்கூடாது. உன்ரை சொல்லிலை சொல்லோணும்."

நான் வாழைப் பந்தியை எடுத்து, புராண இராகத்தில் நீட்டினேன்: "பின்னேரம் வானம் கறுத்தது."

"பின்னேரம் வானம் கறுத்தது எண்டால்..." பேத்தி விட்டத்தைப் பார்த்தாள். "பின்னேரம் வானம் கறுத்தது."

"அதைத்தானே அம்மப்பா இப்ப சொன்னவர். சனம் எழும்பிப் போகப்போகுது. கெதியாய்!"

"மழை வரப்போகுது. கொடியிலை கிடக்கிற உடுப்பை எடுக்கோணும்."

"உடுப்பு பாட்டிலை இல்லை."

"மழையும் இல்லைத்தானே, தாத்தா?"

நண்பர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பந்தியைப் பார்த்தேன். உண்மைதான், மழை என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

"மழை எழுதேல்லை, ஆனால் இருக்கு," என்றார் அவர் மெதுவாக. "உடுப்பு எழுதவும் இல்லை, இருக்கவும் இல்லை. அந்த வித்தியாசம் விளங்கினால் நீ ரியூசனுக்குப் போகத் தேவையில்லை, பிள்ளை."

அவள் தாளை வாங்கித் தன் கண்ணால் ஒருமுறை பார்த்தாள். உதடு அசையவில்லை. அவள் குரலில்லாமல் வாசித்ததை நான் கண்டது அதுதான் முதல் தடவை. "அப்ப, காத்து வந்து போன வருசம் மாதிரி மரத்தை முறிச்சுப்போடும் எண்டு பயந்துதான் வெட்டினவர்," என்றாள். "அதுவும் எழுதேல்லை. ஆனால் இருக்கு!"

அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் எழுத்தாய் இருந்த எதுவும் தப்பவில்லை. மருந்துப் பெட்டி, கலியாண அழைப்பிதழ், மின்தடை அறிவித்தல், எல்லாவற்றையும் நான் இராகத்தோடு வாசித்தேன். அவள் பயன் சொன்னாள். முதல் நாள் பத்திரிகையைக் கையில் எடுத்தபோது எனக்கு நா எழவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இறைவன் சந்நிதியில் எடுக்கிற இராகத்தில் சந்தை விலையைப் படிக்கலாமா? எழுந்து சுவாமி அறைக்குள் போய், விளக்கின் முன் நின்று, பொறுத்தருள வேண்டும் என்று கேட்டேன். விடை கிடைத்தது என்று சொல்லமாட்டேன். திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தபோது உள்ளத்தில் அச்சம் இருக்கவில்லை, அது போதுமாயிருந்தது.

"சந்தையில் சின்ன வெங்காயத்தின் வரத்துக் குறைந்துள்ளமையால் விலை உயர்ந்துள்ளது," என்று நீட்டினேன்.

"சபையோரே!" என்றாள் பேத்தி, நண்பரைப் போலவே தொண்டையைச் செருமி. "வெங்காயம் கொஞ்சம், வாங்கிற ஆக்கள் கனபேர். விக்கிறவைக்குச் சந்தோசம், எங்களுக்குக் கரைச்சல். ஆகையினாலே அம்மா இனிச் சம்பலுக்கு வெங்காயத்தைக் குறைச்சுப் போடுவா."

"சம்பல் பாட்டிலை இல்லை!" என்று ஒழுங்கையிலிருந்து நாலைந்து குரல்கள் ஒன்றாய் எழுந்தன. கிளித்தட்டு முடித்துவந்த பிள்ளைகள் வேலியோரம் நின்றிருந்தார்கள். கட்டளை அவர்களுக்கும் பாடமாகிவிட்டது. பிறகு அவர்களும் விறாந்தைக்கு வந்தார்கள், ஆளுக்கொரு வரி பயன் சொன்னார்கள், பிழை விட்டவனை மற்றவர்கள் "சனம் எழும்பிப் போகுது!" என்று பகிடி பண்ணினார்கள். வேலையால் வந்த மகள் செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்று பார்த்தாள். "இதென்ன, என்ரை வீடோ, கோயில் மடமோ?" என்றாள். ஆனால் தேத்தண்ணி எல்லோருக்கும் வந்தது.

மார்கழித் தவணைப் பரீட்சை நாளன்று பேத்தி என்னிடம் திருநீறு வாங்கிக்கொண்டு போனாள். நான் கோயிலுக்குப் போய், அவள் வரும்வரை வெளிவீதியைச் சுற்றினேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. பாதிப் புள்ளி என்ற அற்பப் பொருளை ஆண்டவனிடம் கேட்பது தகுமா என்று ஒரு சுற்றிலும், கேட்டால் என்ன என்று மறு சுற்றிலும் நினைத்தேன்.

பெறுபேறு வர ஒன்பது நாள் ஆயிற்று. மழை விட்டு வெயில் எறித்த பின்னேரம். ஒழுங்கை மணல் காய்ந்து, பிள்ளைகள் கோடு கீறத் தொடங்கியிருந்தார்கள். பேத்தி மேசைக்குப் பக்கத்தில் நின்றாள், கண் ஒழுங்கையில். மகள் விடைத்தாளைப் புரட்டி, எங்களுக்குக் கேட்க வாசித்தாள்.

பந்தியில் ஒரு வயதான அம்மா பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறார். கையில் ஓர் இனிப்புப் பொதி. மூன்று பஸ்கள் வந்து நின்று போகின்றன. ஒவ்வொன்றிலும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறார், ஏறவில்லை. 'அவர் ஏன் மூன்று பஸ்களிலும் ஏறவில்லை?' என்பது கேள்வி.

மகள் விடையை வாசித்தாள்: "'அவர் பயணம் போக வரவில்லை. வருகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். வருகிறவர் அவருக்கு விருப்பமானவர்.'" தாளைக் கீழே வைத்தாள். பிறகு மறுபடியும் எடுத்து, அந்த விடையை இந்த முறை சத்தமில்லாமல் வாசித்தாள். கொழும்பில் வேலை செய்யும் என் மருமகன் மாதம் ஒருமுறை வருவார். அவர் வரும் நாளில் தாயும் மகளும் போய் நிற்கிற பஸ் தரிப்பிடம் எனக்கும் தெரியும்.

"எத்தினை அம்மா?" என்றாள் பேத்தி. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இருபதுக்குப் பதினைஞ்சு."

நான் நெற்றியில் கைகூப்பினேன்.

"மிச்சம் அஞ்சு எங்கை போச்சுது?"

"ரண்டு இங்கை போச்சுது. 'அவர் கையில் என்ன இருந்தது?' நீ என்ன எழுதினாய்? பயித்தம் பணியாரம்!" மகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பொதிக்குள்ளை பயித்தம் பணியாரம் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"எழுதேல்லைத்தான்..." என்று தொடங்கிவிட்டுப் பேத்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "இருக்கவும் இல்லை," என்று தானே முடித்தாள்.

"அப்ப ரியூசன்?"

"பாதி கேட்டன், முக்கால் வந்திருக்கு. சொன்ன சொல்லு சொன்னதுதான். பின்னேரம் முழுக்க உனக்கு," என்றாள் மகள். "ஆனால் கணக்குத் தாளையும் ஒருக்கால் பாக்கோணும்..." அதைக் கேட்க அங்கே ஆள் இருக்கவில்லை. வேலிப் படலை படீரென்று அடித்துச் சாத்திக்கொண்டது.

நண்பருக்கு உடனே தொலைபேசியில் சொன்னேன். "பணியாரத்துக்கு நானும் பொறுப்புத்தான் காணும். நானும் கோயிலிலை இடைக்கிடை உப்புப் புளி சேர்க்கிறனான்," என்றார்.

பொழுதுபட்டதும் சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டு, படலையடியில் போய் நின்று அவளைக் கூப்பிட்டேன். மகிழ்ச்சி மிகுதியில், என்னை அறியாமலே அது இராகமாய் வந்தது. "பொழுதுபட்டது, விளக்கும் வைத்தாயிற்று, பிள்ளை வீட்டுக்கு வருக!" என்று கடைசிச் சொல்லை நன்றாய் நீட்டி இறக்கினேன்.

பேத்தி நெடுங்கோட்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்தபடி நின்றாள். திரும்பாமலே குரல் கொடுத்தாள்: "சபையோரே! அம்மப்பா சொல்லுறது என்னெண்டால், இன்னும் ஒரு ஆட்டம் விளையாடிப்போட்டு வரலாம்!"

"அது பாட்டிலை இல்லை!" என்றேன்.

"எழுதேல்லை அம்மப்பா," என்றாள், ஓடிக்கொண்டே. "ஆனால் இருக்கு!"

நான் கூப்பிட்ட குரலில் அந்த அனுமதி இருந்ததா என்று நானே ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். இருந்தது. படலையில் சாய்ந்துகொண்டு அந்த ஆட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.