இரண்டே சீட் வண்டி

அம்மாவின் ஒரே தம்பியான எங்கள் மாமாவுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. அதுவரை அவருக்கு உலகத்தில் ஒரே செல்லம் நான்தான். எனக்குக் காது குத்தியது அவர் மடியில். ஞாயிற்றுக்கிழமையானால் மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்கு அவர் ஸ்கூட்டரில் சவாரி, அங்கே மிளகாய் பஜ்ஜி. இதெல்லாம் ஆயுசுக்கும் எனக்கே என்று நினைத்திருந்தேன்.

தாத்தா ஒரு காலத்தில் டிரைவராக இருந்த கோபாலபுரத்து பங்களாவை இடிக்கப்போவதாக மாமாவுக்குத் தகவல் வந்தது. ஷெட்டில் கிடந்த பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் காயலான் கடைக்குப் போடவிருந்தார்கள். மெட்ராஸிலேயே அப்படி இன்னொன்று கிடையாதாம். மாமா ஓடிப்போய்க் கெஞ்சி வாங்கி, ஈக்காட்டுத்தாங்கலில் இருந்த தன் ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்து வந்தார். துணிக்கூரை கிழிந்து தொங்கியது. சீட்டுக்குள் எலிக்குஞ்சுகள். தரை முழுக்கத் துரு.

"இதுவா காரு?" என்றேன். மாமாவின் காதில் விழவில்லை.

அதோடு கடற்கரை போயிற்று. இறுகிக்கிடந்த என்ஜினுக்குள் எண்ணெய் ஊற்றிவிட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எங்கும் கிடைக்காத பாகங்களைப் பக்கத்துத் தெரு லேத்தில் கடைந்து வாங்குவார். பட்டி பூசுவார், தேய்ப்பார், திருப்தியில்லாமல் மறுபடி பூசுவார். என் புது ரிப்பனை அவர் பார்க்கவே இல்லை. ஒருநாள் பானெட்டைத் தடவிக்கொண்டே, "இன்னாடா தங்கம், இன்னிக்காச்சும் ஸ்டார்ட் ஆவியா?" என்று கொஞ்சினார். தங்கம் என்பது அவர் எனக்கு வைத்திருந்த பெயர். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஒரே ஆறுதல், அந்த வண்டிக்கு இரண்டே சீட். ஒன்று மாமாவுக்கு. காது குத்த மடி கொடுத்தவர் இன்னொன்றை வேறு யாருக்குக் கொடுப்பார்?

பூஜை போட்ட அன்று பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போனேன். செக்கச்செவேலென்று நின்றது வண்டி. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசணிக்காயும் உடைத்தாயிற்று. யாரும் கூப்பிடுவதற்கு முன்பே இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். மாமா வந்து என்னை அலாக்காகத் தூக்கிக் கீழே விட்டார். அந்த இடத்தில் அவரே உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, வா. நீ ஓட்டு."

அம்மா வெட்கப்பட்டு மறுப்பாள் என்று பார்த்தால், கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். "இந்த வாட்டியாச்சும் நவுருமாடா?" என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பழங்கள் நசுங்க, வண்டி கிளம்பிப் போயே விட்டது.

"ஒங்கம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று அப்பா என்னைக் கேட்டார். அவர் முகமும் என் முகம்போலத்தான் இருந்தது. அம்மாவுக்குத் தாத்தா கற்றுக்கொடுத்திருந்தார். அப்பா கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சின்ன வயதில் இருவரும் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த பங்களா ஷெட்டுக்கு ஓடி, அசையாமல் நின்ற அதே காரில் அக்கா ஓட்டுவதாகவும் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றுவதாகவும் விளையாடியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பின்னால். அன்றைக்கு, என் மாமாவை அம்மா பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று நடுத்தெருவில் நின்று அழுதேன். அவர் எனக்கு மாமா ஆவதற்கு எத்தனையோ காலம் முன்பே அவளுக்குத் தம்பி என்பது எனக்கு உறைக்கவே இல்லை.