வர்ணத்தாள் சங்கிலி

இன்று பக்கத்து வீட்டில் மைதாப் பசை காய்ச்சினார்கள். அந்த வாசனையில், வெள்ளைக்காரர் காலத்தில் பினாங்குத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த, பிறகு கிடங்குகளுக்காக இடிக்கப்பட்ட எங்கள் பலகை வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். அம்மா பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். அடுத்த வீட்டு லூர்து அக்கா சிவப்பும் பச்சையுமாகத் தாள் வெட்டித் தர, நானும் தம்பியும் அவற்றை வளையமாக ஒட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தோம். கடல் காற்றில் பறக்காமலிருக்க மீதித் தாளின்மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். விரல்களில் பசை காய்ந்து தோலாக உரிந்தது.

“மெல்ல லா, கிழிஞ்சிரும்” என்றாள் அக்கா, எதற்கும் ‘லா’ சேர்க்கும் பினாங்குப் பேச்சில்.

அப்பா வந்து வாசலிலேயே நின்றார்.

“அம்மா எப்ப வருவாங்கப்பா?” என்றான் தம்பி.

“அம்மாவும் பாப்பாவும் நம்மள விட்டுப் போயிட்டாங்கய்யா.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அழுகைதான் வரவில்லை. கையிலிருந்த வளையத்தை ஒட்டி முடித்து அடுத்ததை எடுத்தேன்; பிறகு அதற்கடுத்ததை. யாரும் என்னைத் தடுக்கவில்லை.

சாயங்காலம் பெட்டியைத் தூக்கி வந்தபோது சங்கிலி வாசல்வரை நீண்டு கிடந்தது. அப்பா குனிந்து, அதைக் கிழியாமல் சுருட்டி என் மடியில் வைத்துவிட்டு, அம்மாவுக்கு வழிவிட்டார்.