புழுவுக்குப் போட்ட சாம்பிராணி

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. காலையில் முருகன் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசும்போதுகூட பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

என் மகளைக் கடத்தூர் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். அடி வாங்கி அடி வாங்கி ஒரு காது மந்தமாகி, ஒரு நாள் துணிப்பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். பெரியவர்களை வைத்துப் பேசி, தாலியைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றோடு அது முடிந்தது. மறுவாரமே மல்பெரித் தழை வெட்ட எங்களோடு தோட்டத்தில் இறங்கினாள். பட்டுப்புழு அவள் கைக்கு நன்றாக வந்தது.

அது என் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. புழு ஷெட்டிலிருந்து மகள் வெளியே வருவதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏம்பா தம்பி, அறுத்துக்கிட்டு வந்தவள புழுகிட்ட வுடறியே, கூடு கட்டுமா? அவ வூட்டோட கெடக்கட்டும்."

அக்கா பேச்சைக் கேட்டேன். அதுதான் நான் செய்த பாவம். மகளை ஷெட்டுக்குள் வராதே என்றேன். கண்ணேறு கழியட்டும் என்று வெள்ளிக்கிழமை ஜன்னலை எல்லாம் சாத்தி, தணலில் மிளகாயும் வேப்பிலையும் சாம்பிராணியும் அள்ளிப் போட்டேன். பீடி குடித்தவனைக்கூட ஷெட் பக்கம் விடாதவன் நான். மகள் வாசலுக்கு வெளியே நின்றபடி, "புகை ஆவாதுப்பா" என்றாள். சாமிக்குப் போடுகிற புகை என்ன செய்துவிடும் என்று அவளை அதட்டினேன்.

மறுநாள் காலையில் ஒரு புழுவும் தழையைத் தொடவில்லை. தலையைத் தூக்கிக்கொண்டு வாயில் பச்சைத் தண்ணீர் கக்கின. நாலு நாள் போயிருந்தால் கூடு கட்டியிருக்கும். கூடைகூடையாக அள்ளிப்போய்க் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டோம். அக்கா குழி ஓரம் வந்து நின்று, "சொன்னேனில்ல, அவ வந்த நேரம்" என்றாள்.

"எட்டு நாளா நான் உள்ள போகலீங்க அத்த. புகை போட்டது யாருன்னு கேளுங்க."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். அக்கா மேல் உள்ள கோபமெல்லாம் ஒரு பங்குதான். மூன்று பங்கு என் மேல்.

மறுநாள் அதே துணிப்பையோடு மகள் காரிமங்கலம் பஸ்ஸுக்கு நின்றாள். திருப்பூரில் வேலை தேடிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நான் ஓடிப்போய் ஷெட் சாவியை நீட்டினேன். பஸ் நிறுத்தத்தில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே சொன்னேன்.

"புழு செத்தது என்னாலதான். இனி ஷெட்டு உன்னுது. நான் தழை வெட்டிப் போடறேன்."

அவள் சாவியை உடனே வாங்கவில்லை. பஸ் வந்தது, நின்றது, போயும்விட்டது.

"உள்ள யாரு வரணும்னு நான்தான் சொல்லுவேன்" என்றாள்.

சரி என்றேன்.

இப்போது ஷெட்டைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தெளித்து, புது இளம்புழு இறக்கியிருக்கிறாள். அவள் முதலில் தடுத்தது என்னைத்தான். சாம்பிராணி வாசம் உடம்பில் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்தால் குளித்து வேட்டி மாற்றும் வரை எனக்கு வாசலோடு சரி. போன வாரம் அக்கா வந்து "அவ வந்த நேரம், சாமிக்கே ஆவல" என்று ஆரம்பித்தாள். முருகன் அப்படி எங்கேயும் சொல்லவில்லை, நீ சாமி பேரை எடுக்காதே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனாள். போகட்டும்.