கிளி முத்திரை வைத்த வாரண்டி கார்டு

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். சீராக வந்த டிவிக்கு அந்தச் சலுகை கிடையாது. கல்யாணமான மூன்றாம் நாள் திண்டுக்கல்லில் என் மாமியார் வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது, தெருவே வந்து அதன் பல்லைப் பிடித்துப் பார்த்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அந்த வீட்டு வரிசையில் அதுதான் இரண்டாவது கலர் டிவி. நான் கதவோரம் நின்று, ஏதோ நானே செய்து கொண்டுவந்தது போலப் பெருமைப்பட்டேன்.

அது எங்கே வாங்கியது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

எங்கள் அப்பா மல்லிகை போட்டிருந்தார். விடிவதற்குள் பறித்து, முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மண்டிக்குக் கொண்டுபோவார். அந்த மண்டிக்காரர்தான் அத்தையின், அதாவது என் மாமியாரின், கூடப்பிறந்த அண்ணன். எங்கள் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரும் அவரே. அவர் மண்டியிலிருந்து பூ ஏற்றிப் போகும் வண்டி திரும்பி வரும்போது, எங்கிருந்தோ நாலைந்து டிவி பெட்டிகளும் வரும். கூடைகளுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பார். கடையை விடக் குறைச்சல் விலை. சீருக்கு டிவி என்று பேச்சு வந்ததும் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, நானே எடுத்துத் தருகிறேன், ஆனால் தங்கச்சி காதுக்குப் போகக் கூடாது, மருமகளுக்கு வரும் சீரில் அண்ணன் லாபம் பார்த்தான் என்று ஊர் பேசும் என்றாராம். அப்பா தலையாட்டினார். தினமும் தன் பூவை எடைபோடுகிற கையிடம் வேறெப்படி ஆட்டுவது?

அப்பாவுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தது: வாரண்டி கார்டில் கடை சீல் இல்லாவிட்டால் செல்லாது. அதை மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். அதற்கென்ன என்று மண்டிக்காரர் மேஜையில் கிடந்த சீலை எடுத்து நச்சென்று ஒரு குத்துக் குத்திக் கொடுத்தார். ஊதா மையில் ஒரு கிளி. கிளியைச் சுற்றி 'பூ கமிஷன் மண்டி' என்ற எழுத்து. சீல் என்றால் சீல்தானே என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. அம்மா கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

கல்யாணமான ஏழாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமாவின் நடுவே படம் மேலும் கீழும் ஒடுங்கி, ஒரே ஒரு வெள்ளைக் கோடாகப் படுத்துக்கொண்டது. சத்தம் மட்டும் வந்தது. கோட்டைப் பார்த்துக்கொண்டே மிச்சக் கதையைக் கேட்டு முடித்தோம். பேகம்பூரில் டிவி ரிப்பேர் பார்க்கும் பாய் வந்து பார்த்தார். வருஷம் திரும்பவில்லையே, நான் திருகாணியைக் கழற்றினால் வாரண்டி போய்விடும், கார்டைக் கம்பெனிக் கடையில் காட்டுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டார். நல்ல மனுஷன். அவர் நல்லது சொன்னதுதான் எனக்கு வினையாகிப் போனது.

"ஏத்தா, அந்தக் கார்ட எடு" என்றார் அத்தை.

எடுத்தால் கிளி தெரியும். அத்தைக்கு எழுத்து தெரியாது, ஆனால் கிளியைத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன் அனுப்பும் பூக்கூடையில் அந்தக் கிளிச் சீட்டு இல்லாமல் இருக்காது. அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் வம்பு மூட்டிவிட்டு அதே வீட்டில் நான் எப்படிக் குடித்தனம் செய்வது? எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காய் வாங்கப் போவதாகச் சொல்லி, கார்டை மடியில் செருகிக்கொண்டு நானே கம்பெனிக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு என்னிடம் சொன்னார்.

"இது பூக்கடை சீலும்மா. பூக்கடையில வாங்குனா டிவியும் சாயங்காலத்துக்குள்ள வாடத்தான் செய்யும்."

கேலிதான். இருந்தாலும் அந்த வாக்கியத்தின் அழகு எனக்குப் பிடித்துவிட்டது. வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு, அழுதுகொண்டே வந்தேன். கத்தரிக்காய் வாங்க மறந்துபோனேன். அதற்கும் வீட்டில் ஒரு பேச்சு.

நான் சொல்லியனுப்ப, அப்பாவும் பூ கொண்டுபோகும்போது மண்டிக்காரரிடம் பதமாகக் கேட்டுப் பார்த்தார். முதல் தடவை, பார்க்கலாம் என்றார். இரண்டாம் தடவை, கார்டுதான் இருக்கிறதே என்றார். மூன்றாம் தடவை, நான் என்ன கம்பெனியா நடத்துகிறேன் என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளின் கூடையைத் தராசில் தூக்கி வைத்துவிட்டாராம்.

அதன்பின் எனக்கு விடிந்தால் அந்தக் கேள்வி. கார்டு கிடைத்ததா, உங்க அப்பா எந்தக் கடையில் வாங்கினார், பில்லாவது இருக்கிறதா. என் வீட்டுக்காரரோ மில்லில் ஷிப்டு முடித்து வந்து, தேடித்தான் கொடேன் என்பார். வரும் விருந்தாளிக்கெல்லாம் அத்தை பூப்போட்ட உறையை விலக்கி அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டுவார். சொன்னா வெக்கம், அழுதா துக்கம் என்ற சொலவடையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அதற்குள் குடியிருந்து பார்த்தது அப்போதுதான்.

அதற்குள் எனக்கு வளைகாப்பு வந்தது. அப்பாவும் அம்மாவும் கட்டுச்சோற்றோடு வந்திருந்தார்கள். சடங்கு முடிந்து என்னை அழைத்துப் போக வேண்டும். டிரங்குப் பெட்டி கூடத்தில் தயாராக இருந்தது. மண்டிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். யாரோ டிவியைப் போடச் சொல்ல, அத்தை பெருமூச்சு விட்டார். அண்ணன் சிரித்தார்.

"சம்பந்தி எந்தச் சந்தையில பிடிச்சாரோ. மாடுன்னா சுழி பார்க்கத் தெரியும், டிவிக்கு என்னத்தப் பார்ப்பாரு?"

கூடம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சம்பந்தி என்று கூப்பிட்டவரைப் பார்த்து அப்பா, "ஆமாங்க முதலாளி" என்றார்.

எழுந்தேன். இரண்டு கை நிறைய வளையல், குனிந்து பெட்டியைத் திறக்கும்போது அவ்வளவு சத்தம். அடியில் கிடந்த கார்டை எடுத்து அத்தை கையில் கொடுத்தேன்.

"கார்டு கிடைச்சிருச்சு அத்தை."

அத்தை அதைத் தலைகீழாகத்தான் பிடித்தார். கிளியைக் கண்டதும் நேராகத் திருப்பினார். கார்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். மண்டிக்காரருக்கு வெற்றிலை துப்ப வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. அத்தை கார்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "கிடக்கட்டும் விடுங்க, கரண்டு ஏறி இறங்குனதுல போயிருக்கும்" என்று கூடத்துக்குப் பொதுவாகச் சொன்னார். பிறகு எனக்குத் திலகம் சரிசெய்வது போலக் கிட்டே வந்து, கார்டை என் கையில் திணித்தார்.

"எங்க இருந்துச்சோ அங்கனயே வையி. நானும் பார்க்கல, நீயும் காட்டல."

வைத்தேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் என்னிடம் கார்டு கேட்கவில்லை. அந்த டிவியும் பல வருஷம் உறைக்குள்ளேயே நின்றது. யார் கேட்டாலும் கரண்டு என்று அத்தை சொல்வார், நானும் கரண்டு என்பேன். ஒருத்தியாய்ச் சுமந்ததை இரண்டு பேராய்ச் சுமந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று ஊருக்குப் போகும் பஸ்ஸில் அப்பா வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"காட்டிட்டியா தாயி?" என்றார்.

ஆமாம் என்றேன். கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். வளைகாப்புக்குப் பூ கொண்டுவந்த காலிக் கூடையை மடியில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார்.

"காலையில பூவை எடுத்துக்கிட்டு அங்கனதான போகணும்" என்றார்.