ஒரே அளவில் ஒரே ஜெர்கின்

தபால்காரியான அவளை ஊரே 'ஹாரன் அக்கா' என்றுதான் கூப்பிடும். வாசலுக்கு வாசல் ஸ்கூட்டர் ஹாரனை இரண்டு தரம் அலறவிட்டு, பெட்டியில் கடிதத்தைத் திணித்துவிட்டு, ஆள் வெளியே வருவதற்குள் அடுத்த தெரு திரும்பியிருப்பாள். பத்தொன்பது வருட வேலை. எந்த வாசலில் எந்த நாய் படுத்திருக்கும் என்பதுவரை அத்துப்படி.

அவளுடைய கொழுந்தனார் மனைவி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆரம்பித்தது வயிற்றெரிச்சல். ஹாரன் அக்காவின் மேட்டுத் தெருக்களில் பாதியைப் பிரித்து சின்னவளுக்குக் கொடுத்துவிட்டார் போஸ்ட்மாஸ்டர். இத்தனை வருடத்தில் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காத வீடுகள், சின்னவளை நாற்காலி போட்டு உட்காரவைத்து மூட்டுவலிக் கதையெல்லாம் சொல்லின. ஒருநாள் சின்னவளுக்குப் பதிலாக இவள் போனபோது, கதவைத் திறந்த பெரியவர் இவள் தோளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு வரலியா?" என்றார். அன்று மீதி வாசல்களில் ஹாரனை நாலு நாலு தரம் அலறவிட்டாள்.

அந்த மேட்டில் காலையில் பனி, பத்து மணிக்கு மண்டையைப் பிளக்கும் வெயில், மூன்று மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் மழை. அதற்காக ஆபீசில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதைக் காட்டிக் கடைத்தெருவில் ஆளுக்கொரு ஜெர்கின் எடுத்துக்கொள்ளலாம். போன இரண்டு தடவையும் ஹாரன் அக்கா மகனுக்கும் மகளுக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு, புருஷனின் பழையதையே முழங்கையில் ஒட்டுப்போட்டு ஓட்டினாள். இந்தத் தடவை தனக்குத்தான் என்று முடிவு செய்திருந்தாள்.

இருவரும் சேர்ந்துதான் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மூன்று வகையை எடுத்துப் போட்டார். ஒன்று பஞ்சு அடைத்து மெத்தைபோல இருந்தது. ஒன்று வெறும் ரப்பர் பூச்சு, குளிருக்கு ஆகாது. மூன்றாவதைத் தொட்டதுமே ஹாரன் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. வெளியே மழை ஒட்டாத துணி, உள்ளே கம்பளி லைனிங். ஜிப்பைச் சுற்றி இழுத்தால் லைனிங் மட்டும் தனியாகக் கழன்று வந்தது. குனிந்தால் இடுப்பு தெரியாத நீளம். ஸ்கூட்டர் கைப்பிடியை எட்டிப் பிடித்தாலும் மணிக்கட்டைவிட்டு ஏறாத கை.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. இதுல ஒண்ணுதான் இருக்கு" என்றார் கடைக்காரர்.

அதற்குள் சின்னவள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அவளுக்கென்றே தைத்ததுபோல இருந்தது. "எப்படி இருக்குக்கா?"

ஹாரன் அக்காவின் வாய் தானாகப் பேசியது. "பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மாதிரி ஜிப்பெல்லாம் நாலே நாள்ல பல்லிளிச்சிடும். உனக்கு வேற குளிர் தாங்காது. அந்தப் பஞ்சு வச்சதை எடு."

சின்னவள் அதைக் கழற்றி இவள் கையில் கொடுத்தாள். "நல்லவேளை நீங்க கூட வந்தீங்க" என்றாள். அந்த வார்த்தை மட்டும் முள்ளாகக் குத்தியது.

முதல் பத்து நாள் ஹாரன் அக்காவுக்குக் கொண்டாட்டம்தான். வெயில் ஏறினால் லைனிங்கைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைப்பாள். மழை வந்தால் மேல்துணி போதும். சின்னவளோ பத்து மணிக்கே வேர்த்து விறுவிறுத்து அந்த மெத்தையைக் கழற்றி ஸ்கூட்டரின் முன்னால் திணிப்பாள். மழையில் அது தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். இரண்டு நாளானாலும் காயாது. மூன்றாம் நாள் தும்மிக்கொண்டே வந்து நின்றாள். கடிதம் பிரிக்கிற மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற ஹாரன் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அடுத்த நிமிஷமே அதை நினைத்து ஒரு கூச்சம்.

கூச்சத்துக்கும் ஆயுசு இல்லை. அடுத்த வாரம் சின்னவள் வேறொரு ஜெர்கினில் வந்து இறங்கினாள். உண்மையில் வேறொன்றும் இல்லை, அதே பஞ்சு வைத்ததுதான். அவள் கடிதம் கொடுக்கிற தெருவில் இருக்கும் தையல்காரம்மா, பஞ்சை உருவி எறிந்துவிட்டு, மெல்லிய கம்பளியில் லைனிங் தைத்து, கழற்றி மாட்டப் பொத்தான் வைத்து, நெஞ்சருகே கடிதம் நனையாமல் இருக்க ரப்பர் துணியில் ஒரு பையும் போட்டுக் கொடுத்திருந்தாள். ஆபீசே சுற்றி நின்று பார்த்தது. போஸ்ட்மாஸ்டர்கூடக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பையைத் தடவிப் பார்த்தார். ஹாரன் அக்காவுடையதில் அப்படி ஒரு பை கிடையாது.

மற்றவர்கள் கிளம்பிய பிறகு அவளால் அடக்க முடியவில்லை. "அன்னைக்குக் கடையில நான் வேணும்னேதான் அப்படிச் சொன்னேன்" என்றாள், சண்டைக்குப் போகிறவள்போல.

"தெரியும்க்கா" என்றாள் சின்னவள், கடிதக் கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டபடியே. "கண்ணாடியில உங்க மூஞ்சி தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுமா விட்டுக்கொடுத்த?"

"நான் எடுத்திருந்தா நீங்க எதுவுமே வேணாம்னு வந்திருப்பீங்க. மறுபடி மாமாவோட ஒட்டுப்போட்டதையே மாட்டிக்கிட்டு அலைவீங்க. எனக்கென்ன, எப்படியாவது சரி பண்ணிக்குவேன்."

ஹாரன் அக்காவுக்குக் கண் கலங்கியது. கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. நல்லவள் என்ற பெயரையும் இவளே தட்டிக்கொண்டு போய்விட்டாளே! அன்றைக்கு மேட்டுத் தெரு முழுக்க ஹாரன் அடிக்க மறந்துபோய், இரண்டு வீட்டுக் கடிதத்தை மாற்றிப் போட்டு, திரும்பிப் போய் எடுத்து வந்தாள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் லீவு போட்டுக்கொண்டு, ஜெர்கினை மடித்துப் பையில் வைத்துத் தையல்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நீங்கதான் பெரியவங்களா? வாங்க வாங்க. உங்களைப் பத்தி அவ சொல்லாத நாளே கிடையாது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் தையல்காரம்மா. "என்ன தைக்கணும்?"

அந்தத் தெருவில் அவளுக்கு முதல்முதலாகக் கிடைத்த நாற்காலி அது. உட்கார்ந்தாள். ஜெர்கினை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

"சின்னவளுக்கு நெஞ்சுகிட்ட ஒரு பை வச்சீங்களாமே, அதே மாதிரி ஒண்ணு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அவளோடதைவிட ஒரு அரை இஞ்ச் பெருசா வைங்க."