பதின்மூன்று வெள்ளைப் புள்ளிகள்

1998, சித்திரைப் பௌர்ணமி மாலை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் விவசாயி ஆதிமூலத்தின் குடும்பம் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து ஒருநாள் விடுப்பில் வந்திருந்த மகள் சந்திரகலாவும் கூட நின்றார். பத்து நாளில் அவர் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் ஜெர்மனியில் வேலை தயார்.

கோழிகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸ் தன்னை ஒருமுறை நகலெடுக்கும்போது தானாக எத்தனை பிழை விடுகிறது? ஐந்து ஆண்டுகளாக அவர் தேடியது இதைத்தான். வைரஸுக்குள் ஓர் அடையாள மரபணுவை வைப்பார். நகல் சரியென்றால் ஆய்வகத் தட்டில் நீலப் புள்ளி வரும், பிழையென்றால் வெள்ளை. வெள்ளையை எண்ணி மொத்தத்தால் வகுத்தால் பிழை வீதம்.

"ஆயிரத்து இருநூறு பேருக்குக் குடுத்துட்டோம்," என்றார் தம்பி சகாதேவன்.

"டம்ளரை எண்ணிட்டு ஆளுன்றியே," என்றார் அம்மா சரசு. "அதோ அந்த போலீஸ்காரர் ஒருத்தரே நாலு டம்ளர்."

எல்லோரும் சிரித்தார்கள். சந்திரகலா மட்டும் மோர் மொள்வதை நிறுத்திவிட்டார். அவருடைய இருபத்தொரு வெள்ளைப் புள்ளிகளில் பதின்மூன்று, ஒரே இடத்தில் ஒரே மாதிரி மாறியவை. அந்த இடத்தில் பிழை எளிதாக நேரும் என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தார். சோதனைக்கு முன்பே, வைரஸை வளர்க்கும் ஒரு செல்லில் நேர்ந்த ஒரே பிழைதான் பதின்மூன்றாகப் பெருகி வந்திருந்தால்?

மறுநாள் சென்னையில் ஆய்வு வழிகாட்டி இராமலிங்கத்திடம் சொன்னார்.

"திரும்பச் செஞ்சா ஒரு வருஷம் ஆகும். ஜெர்மனியில காத்திருக்க மாட்டாங்கம்மா. இப்ப எழுதியிருக்கற விளக்கத்தையே தேர்வாளருங்க ஏத்துக்குவாங்க."

"என்னால ஏத்துக்க முடியல சார்."

ஜெர்மனி வேலை போயிற்று. சோதனையை முதலிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு முறையும் ஒற்றைச் செல்லைப் பிரித்து வளர்த்து, அதிலுள்ள அடையாள மரபணு பிழையற்றது என்று உறுதிசெய்து, வைரஸை ஒரே ஒரு சுற்று மட்டும் பெருகவிட்டார். இப்படி எட்டு முறை. அந்தப் பழைய பிழை ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை. வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. முதல் எண்ணையும் அது தவறிய விதத்தையும் ஆய்வேட்டில் தனி அத்தியாயமாகவே எழுதினார்.

அடுத்த சித்திரையில் அதே மோர்ப் பந்தல்.

"ஒரு வருஷமா எண்ணினியே, ஜாஸ்தியா வந்துச்சா?" என்று கேட்டார் சரசு.

"கம்மிம்மா. பாதிகூட இல்ல."

"கம்மியா வர்றதுக்கா வெளிநாட்டு வேலைய உட்ட?"

"ஆமாம்மா."

சரசு ஒரு டம்ளர் மோரை நீட்டினார்.

"இந்தா. உனக்கு ஒண்ணுதான். எண்ணிக்கோ."