பூட்டிய கணுக்கால்

மெரினுக்கு இருபத்திரண்டு வயதானபோது லாரி மோதி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன் யூஜினோடு கடலுக்குப் போய் அலைச்சறுக்குப் பலகையில் நிற்பாள். அதன்பின் செயற்கைக் கால். தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டிகளுக்கு டிசைன் போடும் வேலை.

ஏழு வருடம் கழித்து யூஜின் அவள் கம்ப்யூட்டரில் ஓர் அலைச்சறுக்கு கேமை ஏற்றிக் கொடுத்தான். அலையின் வேகம், பலகையின் சாய்வு, உடம்பின் எடை எல்லாம் கடலில் உள்ளபடியே இருந்தன. ஆடுபவரின் உடலை நாமே அமைத்துக்கொள்ளலாம். மெரின் இடது கணுக்காலை மடங்காதபடி பூட்டினாள். திரும்பும்போதெல்லாம் பலகை கவிழ்ந்தது.

"ஏன் வேணும்னே கஷ்டப்படறே?" என்றான் யூஜின்.

"ரெண்டு காலும் மடங்கினா அது வேற யாரோண்ணா. நான் நிக்கணும்."

மூன்று மாதம் விழுந்தாள். கணுக்கால் செய்ய வேண்டியதை இடுப்பாலும் கைகளாலும் செய்யக் கற்றாள்.

உழவர்கரையில் ஒரு மண்டபத்தில் அந்த கேமுக்குப் போட்டி வைத்தார்கள். முப்பத்திரண்டு பேர். ஆளுக்கு மூன்று அலை. நடத்திய கலைவாணன் அவளிடம் தனியாக வந்து, "மேடம், கேம்ல இருக்கிற சாதாரண உடம்பையே எடுத்துக்குங்க. ஜெயிக்க சான்ஸ் இருக்கு" என்றார்.

"இதான் சார் என் உடம்பு."

முதல் அலையில் விழுந்தாள். கூட்டம் இரக்கத்தோடு கைதட்டியது. மெரின் நாற்காலியைத் திருப்பினாள்.

"விழுந்ததுக்கு எதுக்குத் தட்டறீங்க? நின்னா தட்டுங்க."

இரண்டாவது அலையில் பாதி தூரம் நின்றாள். மூன்றாவதில் கரை வரைக்கும். அப்போது தட்டினார்கள், யூஜின் நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினான்.

ஐந்தாவது இடம். ஆனால் மேடையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, 'தன்னம்பிக்கை விருது' என்று எழுதிய கேடயத்தை நீட்டினார் கலைவாணன். முன்பே எழுதி வைத்திருந்தது.

"இது வேணாம் சார். அஞ்சாவது இடம்னு எழுதிக் குடுங்க."

"மூணு இடத்துக்குத்தான் சர்டிபிகேட் மேடம்."

"அப்ப ஒண்ணும் வேணாம்."

கேடயத்தை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

அடுத்த வருடம் ஏழாவதாக வந்தாள். இடம் இறங்கிய கோபத்தில் யூஜினோடு பேசாமலே வீடு வந்தாள். இந்த வருடப் போட்டிக்குப் பதிவு தொடங்கிய காலையில் முதல் பெயர் அவளுடையது.